கலியாணத்துக்குக் கமராக்காரரைப் பிடிப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி கழிய ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். இலங்கையின் வன்னிப் பக்கத்தில் இருந்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கலியாணப் படப்பிடிப்பைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறோம். விலை என்ன என்று கேட்டவர்களுக்கு ஒரு சொல்: ஊருக்கு ஊர், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அது மாறும். ஆகையால் தொகை எழுதவில்லை. விலைகளை எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது என்று எழுதியிருக்கிறோம்.

மகளுக்கு ஆவணியில் கலியாணம். மூன்று ஸ்ரூடியோக்காரர் விலை தந்திருக்கினம். மூன்று பேரின்ர பேஸ்புக் பக்கமும் நல்லாய்த்தான் இருக்கு. எதை வைச்சு முடிவெடுக்கிறது?
– தாய் ஒருவர், விசுவமடு

பேஸ்புக் பக்கத்தை மூடி வையுங்கள். அங்கே இருப்பது பல கலியாணங்களில் இருந்து பொறுக்கிய படங்கள். ஆயிரக்கணக்கில் எடுத்தால் யாருக்கும் முப்பது நல்ல படம் அமையும். நீங்கள் கேட்கவேண்டியது ஒன்றுதான்: "ஒரு கலியாணத்தின் முழுப் படங்களையும், வீட்டுக்காரருக்குக் கொடுத்தபடியே, முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை காட்டுங்கோ." அதுவும் உங்களுடையதைப் போன்ற கலியாணமாக இருக்கவேண்டும். வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டுப் பகலில் செய்யப்போகிறீர்கள் என்றால், குளிரூட்டிய மண்டபத்தில் இரவு நடந்த வரவேற்பின் படங்கள் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. காட்டத் தயங்குபவரை விட்டுவிடலாம். வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும் என்று சொன்னால் அது நியாயமான பதில். அவரிடம் கேட்டுவிட்டு அல்பத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள்.

பார்க்கும்போது அழகைப் பார்க்காதீர்கள், தவறுகளைத் தேடுங்கள். தாலி கட்டும் படத்தில் மாப்பிள்ளையின் விரலும் முடிச்சும் தெரிகிறதா, அல்லது யாருடையதோ போனும் முழங்கையும் நிற்கிறதா? கூறையின் சிவப்பு எல்லாப் படத்திலும் ஒரே சிவப்பா, ஒன்றில் செம்மஞ்சள், இன்னொன்றில் கத்தரிப்பூ நிறம் என்று மாறுகிறதா? குடும்பப் படங்களில் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாக இழுபட்டிருக்கிறார்களா? அப்படியிருந்தால் இடம் போதாமல் மிகக் கிட்ட நின்று அகல லென்சால் எடுத்திருக்கிறார். ஓமப் புகை எழும் நேரத்தில் முகங்கள் தெளிவாக இருக்கின்றனவா? பெற்றார், அம்மம்மா, அப்பம்மா, மாமன்மார் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒரு நல்ல படமாவது உண்டா? பொம்பிளையை இருநூறு கோணத்தில் எடுத்துவிட்டு அம்மம்மாவை ஒருமுறைகூட எடுக்காத அல்பங்கள் நிறைய இருக்கின்றன.

அடுத்த கேள்வி, "எங்கட வீட்டுக்கு வரப்போறது ஆர்?" நல்ல முகூர்த்த நாட்கள் குறைவு. எல்லாக் கலியாணமும் ஒரே நாளில் விழும். ஒரு ஸ்ரூடியோ அன்றைக்கு இரண்டு மூன்று இடம் ஏற்றிருக்கலாம். நீங்கள் பார்த்து மெச்சிய படங்களை எடுத்தவர் வேறு ஊருக்குப் போக, உங்கள் வீட்டுக்கு உதவியாளர் வருவார். ஆகவே வருபவரின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். அவரோடு நேரில் அரைமணி நேரம் கதையுங்கள். கமராவில் இரண்டு மெமரி கார்ட் போடும் வசதி இருக்கிறதா, இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் பதிகிறதா என்று கேளுங்கள். ஒரு கார்ட் பழுதானாலும் மற்றது காப்பாற்றும். மேலதிகக் கமரா ஒன்று, பிளாஷ் ஒன்று கையில் இருக்குமா, அவருக்குக் காய்ச்சல் வந்தால் பதிலுக்கு யார் என்றும் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

விலைக்கு வருவோம். மூன்று பேரும் தந்த விலைத் துண்டுகளையும் பக்கத்தில் வைத்தால் மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை என்பது தெரியும். ஒருவர் காலை 5 மணியிலிருந்து ஆரத்தி முடியும்வரை என்பார். மற்றவர் ஆறு மணித்தியாலம் என்பார். ஒருவர் இரண்டு பேர் வருவார்கள் என்பார். அந்த இரண்டாமவர் லைற் பிடிப்பவராக இருப்பார். அல்பத்தின் அளவு, தாள்களின் எண்ணிக்கை, திருத்திய படங்கள் எத்தனை, வீடியோ எத்தனை நிமிடம், போக்குவரத்து உள்ளேயா வெளியேயா என்று ஒரே வரிசையில் மூன்றையும் எழுதிப் பார்த்தால், குறைந்த விலை உண்மையில் குறைந்ததா என்பது விளங்கும்.

நல்ல பெயரெடுத்த ஆள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவரைக் கூப்பிடுவதா, இங்குள்ள பொடியளிடம் கொடுப்பதா?
– மாப்பிள்ளையின் தமையன், ஒட்டுசுட்டான்

எங்கள் விருப்பம் உள்ளூர்ப் பிள்ளைகள்தான், வேலை சரியாக இருந்தால். எங்கே மின்வெட்டு வரும், எந்தக் கோயிலில் ஐயர் எதற்குச் சம்மதிப்பார், எந்த மண்டபத்தில் எத்தனை பிளக் வேலை செய்யும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அல்பம் பிந்தினால் கடை வாசலில் போய் நிற்கவும் முடியும்.

வெளியூரில் இருந்து எடுப்பதென்றால் ஒரு நிபந்தனை. அதிகாலை முகூர்த்தத்துக்கு அவர்கள் முதல்நாள் பின்னேரமே வந்து தங்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து கிளிநொச்சிக்கே ஏறக்குறைய 65 கிலோமீற்றர். அதற்குப் பிறகு மாங்குளத்தில் திரும்பி உள்ளே வரவேண்டும். காட்டுப் பகுதி வீதிகளில் இரவில் யானை நிற்கும். விடிய 3 மணிக்கு வெளிக்கிட்டு வருவோம் என்ற வாக்கை நம்பி முகூர்த்தத்தை வைக்கவேண்டாம். தங்கும் இடம், இரவுச் சாப்பாடு உங்கள் பொறுப்பா அவர்கள் பொறுப்பா என்பதையும் முதலே பேசிவிடுங்கள்.

அக்காவின் கலியாணம் வீட்டுப் பந்தலில் நடந்தது. படங்களில் எல்லாற்றை முகமும் நீலமாய் இருக்கு. கமராக்காரர் பந்தலில்தான் பிழை என்கிறார். உண்மையா?
– தங்கை, மல்லாவி

பாதி உண்மை. நீலத் துணியால் கூரை கட்டினால் அதனூடாக இறங்கும் வெயில் நீலமாகத்தான் இறங்கும். கமராவில் நிறச் சமநிலையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் பக்கத்தால் வரும் வெளிச்சம் வெள்ளை. நெற்றியும் மூக்கும் நீலமாக, கன்னம் இயல்பாக இருக்கும். நெற்றியைத் திருத்தினால் கன்னம் மஞ்சளாகிவிடும். மிச்சப் பாதி கமராக்காரரின் பிழை: முதல்நாள் வந்து பந்தலைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்.

பந்தல்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். மணவறைக்கு நேர் மேலேயும் அதன் முன்னாலும், குறைந்தது 15 அடிக்கு 15 அடி, தூய வெள்ளைத் துணி இரண்டு மடிப்பாகக் கட்டவேண்டும். நிறத் துணிகள் ஓரத் தொங்கலிலும் தூண்களிலும் இருக்கட்டும், அழகும் கெடாது. மணவறையைப் பெரும்பாலும் கிழக்கு நோக்கித்தான் வைக்கிறோம். காலை முகூர்த்தத்தில் 7 மணி முதல் 9 மணிவரை வெயில் நேரே மாப்பிள்ளை பொம்பிளையின் கண்ணில் அடிக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டே தாலி கட்டுவார்கள். கிழக்குப் பக்கம் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைத் திரையாகக் கட்டினால் அதே வெயில் மென்மையாகி முகத்துக்கு அழகான வெளிச்சமாகும். மணவறையின் பின்பக்கம் மட்டும் திறந்திருக்கக் கூடாது. பின்னால் வெயில் எறிக்கிற வளவு தெரிந்தால் முன்னால் இருப்பவர்கள் கறுத்துப்போவார்கள்.

மஞ்சள் பல்பையும் வெள்ளை லைற்றையும் ஒரே மணவறையில் கலக்கவேண்டாம். ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். மலிவான எல்.ஈ.டி. லைற்றுகள் இன்னொரு தொல்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; அந்த லைற்றுகள் கண்ணுக்குத் தெரியாமல் வினாடிக்கு 100 தரம் துடிக்கும். வீடியோவில் கறுப்புப் பட்டிகள் ஓடுவது இதனால்தான். வினாடிக்கு 25 பிரேம், சட்டர் 1/50 என்று வைத்தால் பட்டி மறையும். ஜெனரேற்றரில் ஓடும்போது வேகம் கூடிக் குறைவதால் பட்டி மெதுவாக ஊர்ந்து திரும்பவும் வரும். ஆகவே படப்பிடிப்பு லைற்றுகளைப் பற்றரியில் எரிவதாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஓமப் புகை: நேர் முன்னால் இருந்து பிளாஷ் அடித்தால் புகைதான் வெள்ளையாக எரியும், முகம் அதன் பின்னால் மங்கும். பிளாஷைக் கமராவில் இருந்து கழற்றிப் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 பாகையில் நிறுத்தவேண்டும். இதைச் செய்யத் தெரியுமா என்று கேட்டாலே ஆள் எப்படியென்று தெரிந்துவிடும்.

இப்ப கலியாணவீடுகளில ஐயரும் தெரியிறேல்ல, மாப்பிள்ளையும் தெரியிறேல்ல. கமராக்காரற்றை முதுகுதான் தெரியுது. இதுக்கு ஒரு வழியில்லையோ?
– பெரியவர் ஒருவர், வட்டக்கச்சி

வழி இருக்கிறது ஐயா. ஆனால் அது கலியாணத்துக்கு முதல்நாளே செய்யவேண்டியது. கமராக்காரரையும் ஐயரையும் ஒருமுறை கதைக்க வையுங்கள். ஐயர் எந்தப் பக்கம் இருப்பார், எந்தச் சடங்கை நெருங்கி எடுக்கலாம், எங்கே ஏறக்கூடாது, செருப்பை எங்கே கழற்றுவது எல்லாம் அப்போதே முடிந்துவிடும். "திரும்ப ஒருக்கா தாலியைப் பிடியுங்கோ, படம் சரியாய் வரேல்ல" என்று கேட்கக் கூடாது என்பதையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் தெளிவாகச் சொல்லவேண்டும். சடங்கு சடங்காக நடக்க, அதை எடுப்பதுதான் அவர் தொழில்.

பொம்பிளை கூறை மாற்றப் போகும் இடைவெளியைப் பலர் வீணாக்குகிறார்கள். அந்த நேரம் தாலித் தட்டு சபைக்குள் ஆசீர்வாதத்துக்குப் போகும். தேங்காயின் மேல் தாலி, சுற்றிவரப் பூ. ஒவ்வொரு பெரியவரும் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவார். நடுங்கும் கை, தழும்பேறிய கை, வளையல் போட்ட கை என்று ஒரு தலைமுறை முழுவதும் அந்தத் தட்டின் மேல் வந்து போகும். சபையில் இருக்கும் அத்தனை மூத்தவர்களையும் இயல்பாக எடுக்க அன்றைக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அதுதான். இருவர் வந்தால் ஒருவர் பொம்பிளையோடு போகவேண்டும், மற்றவர் தட்டின் பின்னால் போகவேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.

தாலி கட்டும் கணத்துக்குக் கால் மணி நேரம் முந்தியே இருவரும் தங்கள் இடத்தில் நிற்கவேண்டும்: ஒருவர் மாப்பிள்ளையின் முகம் தெரியும் பக்கம், மற்றவர் பொம்பிளையின் முகம் தெரியும் பக்கம். கெட்டிமேளம் தொடங்கியதும் சபை எழும்பி அறுகரிசி போடும். போன்கள் எல்லாம் உயரும். தோழனோடு இன்னும் இரண்டு இளைஞரை நிறுத்தி, மணவறைக்கு முன்னால் ஆறேழு அடி வெளியாக வைத்திருக்கச் சொல்லுங்கள். வேறு எந்த ஏற்பாடும் இந்த அளவுக்கு உதவாது.

கலியாணம் முடிஞ்சு ஒன்பது மாதம். முழுக் காசும் குடுத்திட்டம். அல்பம் இன்னும் வரேல்ல. இனி வாறவையள் என்ன செய்யவேணும்?
– புதுமணச் சோடி, தருமபுரம்

முழுக் காசையும் கொடுத்ததுதான் சிக்கல். கால் பங்கு முற்பணம், பாதி கலியாண நாளில், மிச்சக் கால் பங்கு அல்பம் கைக்கு வந்தபின் என்று பேசுங்கள். கடைசிக் கால் பங்கு உங்கள் கையில் இருக்கும்வரை வேலை நகரும். ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும்: நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வருபவர்களின் பெயர்கள், படங்களின் எண்ணிக்கை, அல்பத்தின் அளவும் தாளும், கொடுக்கும் திகதி, பிந்தினால் என்ன, கலியாணம் தள்ளிப்போனால் முற்பணம் என்னாகும். இருவரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு கொப்பி. பொம்பிளையின் படங்களை உங்கள் சம்மதம் இல்லாமல் முகநூலிலோ விளம்பரத்திலோ போடக்கூடாது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். அல்பம் பிந்துவதற்கு வீட்டுக்காரரும் காரணம். மூவாயிரம் படம் கொடுத்துத் தெரிவு செய்யச் சொன்னால் மாதக்கணக்கில் கிடக்கும். மாமி ஒன்றைச் சொல்வார், பெரியம்மா இன்னொன்றைச் சொல்வார். 30 விரிப்புள்ள (திறந்தால் தெரியும் இரண்டு பக்கமும் சேர்ந்தது ஒரு விரிப்பு) அல்பத்துக்கு, ஒரு விரிப்புக்கு நாலைந்து என்று பார்த்தால் 120 முதல் 150 படம். சோடி மட்டும் இருந்து இரண்டு கிழமைக்குள் தெரிவு செய்து, படத்தின் இலக்கங்களை எழுதிக் கொடுங்கள். ஸ்கிரீன்சொட் அனுப்பவேண்டாம், எது எது என்று தேடுவதிலேயே நாள் போகும்.

அச்சுக்குப் போகும் முன் வடிவமைப்பைக் கட்டாயம் பாருங்கள். பெயர் எழுத்து, திகதி, தாய் தகப்பன் பெயர் சரியா? நடுமடிப்பில் யாருடைய முகமாவது விழுகிறதா? ஓரத்தில் அரை அங்குலமாவது விட்டிருக்கிறார்களா? வெட்டும்போது ஓரத்தில் நிற்பவரின் தோள் போய்விடும்.

உங்கள் விடயத்துக்கு: திருத்தாத மூலப் படங்கள் முழுவதையும் உடனே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிவிடுங்கள். அவை கையில் இருந்தால் அல்பத்தை வேறு எங்கும் அடிக்கலாம். அல்பத்துக்கு எழுத்தில் ஒரு தவணை கொடுங்கள்.

அண்ணா கனடாவில, அக்கா பிரான்சில. வரமுடியாது. நேரலை போடவேணும். போன கிழமை எங்கட ஊரில ஒரு கலியாணத்தில தாலி கட்டேக்க நிண்டுபோச்சு.
– மணமகள், துணுக்காய்

நிற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, பதிவேற்ற வேகம். தரவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஓரளவு தெளிவான நேரலைக்குத் தொடர்ந்து 3 முதல் 4 எம்.பி.பி.எஸ். (வினாடிக்கு மெகாபிற்) பதிவேற்றம் வேண்டும், முழு எச்.டி. என்றால் 6 அளவில். கலியாணத்துக்கு ஒரு கிழமை முதல், அதே இடத்தில், அதே நேரத்தில், டயலொக், மொபிற்றல், ஹச் மூன்று சிம்மையும் போட்டு அளந்து பாருங்கள். முந்நூறு பேர் போனோடு வந்து கூடும்போது அந்த வேகம் பாதியாகும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு றௌட்டர் இருக்கட்டும். ஒன்றைக் கூரைக்கு மேல் கம்பத்தில் உயர்த்திக் கட்டினால் உட்கிராமங்களில் நல்ல மாற்றம் தெரியும். 4 எம்.பி.பி.எஸ்.இல் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1.8 ஜி.பி. போகும். நாலு மணித்தியாலத்துக்கு 10 ஜி.பி. போட்டு வையுங்கள்.

இரண்டாவது, சினிமாப் பாட்டு. பந்தலில் ஒலிபெருக்கியில் படப்பாட்டுப் போனால் யூரியூப் உரிமைச் சிக்கல் என்று நேரலையை மறித்துவிடும். தாலி கட்டும் நேரம் நின்றது இதனாலும் இருக்கலாம். நேரலை ஓடும்வரை நாதஸ்வரமும் மேளமும் மட்டும் என்று ஒலிபெருக்கிக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, மின்சாரம். மின்வெட்டு வந்து ஜெனரேற்றர் எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் றௌட்டர் அணைந்து திரும்ப எழும்ப ஐந்து நிமிடமாகும். றௌட்டருக்குச் சிறிய யூ.பி.எஸ். (மின்சாரம் நின்றாலும் பற்றரியில் ஓட்டும் கருவி) ஒன்று போதும்.

புதிய யூரியூப் கணக்கில் நேரலையை முதன்முதல் திறக்க 24 மணித்தியாலம் வரை எடுக்கும். விடிய எழும்பித் திறக்கலாம் என்று இருக்கவேண்டாம். நீங்கள் லிங்க் அனுப்பியவர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்து, முதல்நாள் இரவு அதை அண்ணாவுக்கு அனுப்பி ஒரு சோதனை ஓட்டம் பாருங்கள். ஆவணியில் எங்கள் காலை 9 மணி, ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 11.30, பரிசில் விடிய 5.30. நேரலைக்கு ஒரு தனிக் கமராவும், அதைவிட்டு அசையாத ஒரு ஆளும் வேண்டும். படம் எடுப்பவரே அதையும் பார்ப்பார் என்றால் இரண்டும் கெடும்.

என்ர நிறம் கறுப்பு. தோழியின்ர அல்பத்தில அவளை ஆளே தெரியாமல் வெள்ளையாக்கிப் போட்டினம். எனக்கு அப்பிடி வேண்டாம்.
– மணமகள், நெடுங்கேணி

மிக நல்ல முடிவு. அதை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: "தோல் நிறத்தை மாற்றக்கூடாது, முகவடிவை மாற்றக்கூடாது. பரு, வியர்வை மட்டும் திருத்தலாம்." மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது முகத்தைக் கழுத்தோடும் கையோடும் ஒப்பிடுங்கள். முகம் ஒரு நிறம், முழங்கை இன்னொரு நிறம் என்றால் வெளுப்பாக்கியிருக்கிறார்கள். கூறைச் சரிகையையும் பாருங்கள். சரிகை நூல் தெரியாமல் வெறும் வெள்ளைப் பட்டியாக இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டி எடுத்திருக்கிறார். கறுத்த தோலை அழகாக எடுப்பதற்கு வெளிச்சம் பக்கத்தால், மென்மையாக வரவேண்டும். நேர் பிளாஷ் நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பைத்தான் காட்டும். அலங்காரம் செய்பவரிடமும் கழுத்து, காது, கை எல்லாம் ஒரே நிறமாக வரவேண்டும் என்று சொல்லுங்கள். அவர் முகத்துக்கு மட்டும் வெளிர் நிறம் பூசிவிட்டால் கமராக்காரரால் ஒன்றும் செய்யமுடியாது.

ட்ரோன் வேணுமோ? – பலர்

கட்டாயமில்லை. பறக்கவிடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிந்த கருவியா, அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அமர்த்தவேண்டும். முகாம்களுக்குப் பக்கத்திலும், வவுனியா, இரணைமடு விமானத் தளங்களின் சுற்றாடலிலும் நினைக்கவே வேண்டாம். சடங்கு நேரத்தில் பந்தலுக்கு மேல் விடக்கூடாது, அந்த இரைச்சல் மந்திரத்தையும் மேளத்தையும் வீடியோவில் விழுங்கிவிடும்.

கலியாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்கு இங்கே எந்த இடம் நல்லது?
– மணமகன், கிளிநொச்சி

இடத்தைவிட நேரம் முக்கியம். பின்னேரம் 4.30க்குப் பிறகு, அல்லது விடிய 7.30க்கு முன். முல்லைத்தீவுக் கடற்கரை கிழக்குப் பார்த்தது. பின்னேரம் கடலைப் பின்னால் வைத்து நின்றால் மேற்கு வெயில் முகத்தில் விழும்; அழகாக வரும். சூரியன் கடலில் இறங்குவது வேண்டுமென்றால் பூநகரி, முழங்காவில் பக்கம் போகவேண்டும். இரணைமடு அணைக்கட்டில் நீர் தெற்குப் பக்கம். பின்னேரம் வெளிச்சம் பக்கத்தால் வரும், அதுவும் நல்லது. வயல் வேண்டுமென்றால் காலபோகப் பச்சை மார்கழி, தையில், பொன்நிறம் மாசியில். ஆனி, ஆடியில் குளத்துநீர் பாயும் சிறுபோக வயல்கள் மட்டும்தான் பச்சையாக இருக்கும், வயற்காரரிடம் கேட்டுவிட்டு வரம்பில் மட்டும் நில்லுங்கள்.

ஒன்று கண்டிப்பாக: அழகாக இருக்கிறதே என்று தெரியாத பற்றைக்காட்டுக்குள் இறங்கவேண்டாம். மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடங்கள் இன்னும் இருக்கின்றன. பலகை இல்லாத இடத்திலும் பாவனையில் உள்ள பாதையை விட்டு விலகவேண்டாம்.

எங்கட பக்கம் நிக்காஹ். பெண்கள் பகுதியை ஆண்கள் எடுக்க விருப்பமில்லை.
– நீராவிப்பிட்டி வாசகி

பெண் படப்பிடிப்பாளரை அமர்த்துங்கள். வவுனியா, யாழ்ப்பாணம் பக்கங்களில் தேடினால் கிடைக்கும், முன்கூட்டியே பதியவேண்டும். எடுப்பது மட்டும் பெண்ணாக இருந்தால் போதாது. திருத்துவதும் அல்பம் வடிவமைப்பதும் யார் என்று கேளுங்கள். பெண்கள் பகுதிக்குத் தனி மெமரி கார்ட், வேலை முடிந்ததும் அழிப்பதற்கான உறுதி, இணையத்தில் ஏற்றக்கூடாது என்ற வரி, மூன்றும் எழுத்தில் வேண்டும். (கத்தோலிக்கத் தேவாலயக் கலியாணம் பற்றிக் கேட்ட மன்னார் வாசகருக்கு: பங்குத்தந்தையிடம் கமராக்காரரை முன்பே கூட்டிப் போங்கள். திருப்பலியின் முக்கிய கட்டங்களில் பிளாஷும் நடமாட்டமும் வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதற்கு வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கக்கூடிய எப் 1.8 அல்லது எப் 2.8 லென்ஸ் வேண்டும்.)

எங்கட கலியாணம் 1994. அல்பம், கசற் எல்லாம் இடப்பெயர்வில போச்சு. இப்ப தங்கச்சி ரொறன்ரோவில அந்த வீடியோவின்ர ஒரு கொப்பி இருக்கெண்டு சொல்லுறா. போட்டால் கறுப்பு வெள்ளையாய் உருளுதாம். பழுதோ? மகளின்ர கலியாணத்தில அதைக் காட்ட ஆசை.
– தாய், புதுக்குடியிருப்பு

அம்மா, கசற் பழுதாகியிருக்கத் தேவையில்லை. இலங்கையில் பதிந்த வீ.எச்.எஸ். கசற்றுகள் 'பால்' (PAL) என்ற வீடியோ முறையில் இருக்கும். கனடாவின் டெக்குகள் (கசற் போடும் கருவிகள்) என்.ரி.எஸ்.சி. (NTSC) என்ற வேறு முறை. முறை மாறினால் படம் உருளும், நிறம் போகும். ஆகவே அந்த டெக்கில் திரும்பத் திரும்பப் போடவேண்டாம் என்று தங்கச்சியிடம் உடனே சொல்லுங்கள். முதலில் கசற்றின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தூள் போலப் படிந்திருந்தால் பூஞ்சணம். போட்டால் நாடா ஒட்டி அறும். அப்படியானதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும். தூள் இல்லையென்றால், கசற்றுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் கடையில் "பால் கசற், பால் டெக்கில் ஓட்டி, 720க்கு 576, வினாடிக்கு 25 பிரேம், அப்படியே கோப்பாகத் தாருங்கள்" என்று கேட்கவேண்டும். என்.ரி.எஸ்.சி.க்கு மாற்றினால் அசைவு வெட்டி வெட்டி வரும். கசற்றைத் தபாலில் இங்கே அனுப்பவேண்டாம், அங்கேயே மாற்றிக் கோப்பை அனுப்பட்டும். மாற்றிய பிறகும் கசற்றை எறியவேண்டாம்.

உங்கள் கலியாணத்துக்கு வந்து வெளிநாடு போன உறவுகள் எல்லாரிடமும் கேளுங்கள். அந்தக் காலத்தில் படம் கழுவினால் இரண்டு மூன்று கொப்பி அடித்து உறவுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. யாரோ ஒருவரின் பெட்டிக்குள் உங்கள் தாய் தகப்பன் மணவறைக்குப் பக்கத்தில் நிற்கும் படம் இருக்கக்கூடும். கிடைத்தால் போனால் எடுத்து அனுப்பாமல், 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் அந்த அளவில் 2400க்கு 3600 புள்ளிகளாகும். 8க்கு 12 அங்குலமாகத் தெளிவாக அடிக்கலாம். பிளாஸ்ரிக் தாளோடு ஒட்டிப்போன படத்தை இழுத்துக் கழற்றவேண்டாம், முகம் தாளோடு போய்விடும். ஒட்டியபடியே ஸ்கேன் செய்யலாம்.

மகளின் படங்களுக்கு இனி அந்த நிலை வரக்கூடாது. கலியாணம் முடிந்த அன்றிரவே கமராக்காரர் கார்ட்டில் இருப்பதை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றவேண்டும். இரண்டும் சரிபார்த்த பிறகுதான் கார்ட்டை அழிக்கவேண்டும். இதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 24 மெகாபிக்சல் கமராவின் மூலக்கோப்பு ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 எம்.பி.; மூவாயிரம் படம் 90 ஜி.பி.க்குள் அடங்கும். 4கே வீடியோ, 100 எம்.பி.பி.எஸ். என்றால், மணித்தியாலத்துக்கு 45 ஜி.பி. எல்லாம் சேர்ந்தாலும் 1 ரி.பி. டிஸ்க்கில் தாராளமாக அடங்கும். அப்படி இரண்டு டிஸ்க் வாங்குங்கள்: ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று தங்கச்சியிடம் ரொறன்ரோவில். மூன்றாவது கொப்பி இணையச் சேமிப்பில். ஒரே வீட்டில் மூன்று கொப்பி வைப்பதில் பயனில்லை, வெள்ளம் வந்தால் மூன்றும் ஒன்றாகப் போகும். பென்ட்ரைவை நம்பி வைக்கவேண்டாம். வருடக்கணக்கில் பாவிக்காமல் கிடந்தால் உள்ளிருப்பது அழியலாம். டிஸ்க்கையும் வருடத்துக்கு ஒருமுறை போட்டுத் திறந்து பாருங்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் என்று வைத்தால் மறக்காது.

அல்பத்துக்கு வெளியே, 4க்கு 6 அளவில் ஒரு ஐம்பது படமாவது தாளில் அடித்து உறவுகளுக்குக் கொடுங்கள். உங்கள் கலியாண வீடியோவைக் காப்பாற்றியதும் தங்கச்சியிடம் இருந்த ஒரு கொப்பிதானே.

பொன்னுருக்கலுக்கும் (தாலிக்குப் பொன் உருக்கிற சடங்கு) கமராக்காரர் வேணுமோ? செலவு கட்டாது.
– மாப்பிள்ளையின் தம்பி, பரந்தன்

வேண்டாம், உங்கள் போன் போதும். லென்ஸை வேட்டித் தலைப்பால் துடையுங்கள். பிளாஷை நிறுத்துங்கள். பத்தர் நெருப்பை ஊதத் தொடங்கியதும், திரையில் அந்தப் பொன் உருகும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் தெளிவும் வெளிச்சமும் அந்த இடத்துக்கே பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள். இதைச் செய்யாவிட்டால் போன் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், பொன் வெறும் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். சூம் செய்யாமல் கிட்டப் போங்கள், ஆனால் கும்பத்துக்கு முன்னால் குறுக்கே நிற்கவேண்டாம். அம்மா அப்பாவின் முகத்தையும் அதே வெளிச்சத்தில் இரண்டு படம் எடுங்கள். அல்பத்துக்குக் கொடுக்கும்போது வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.